எண் இடிக்கும்போது எங்கே பார்ப்பது? வெப்பமண்டல மண் சோதனைக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சோதனைக்கூடத்தில் பிழைகள் இரண்டு வகை. ஒன்று கை செய்வது: கழுவாத குடுவை, தப்பாக எடுத்த எடை, பியூரெட்டின் மூக்கில் மாட்டிக்கொண்ட காற்றுக் குமிழி. இன்னொன்று முறை செய்வது: ஒவ்வொரு படியையும் பிசகாமல் செய்திருப்பீர்கள், ஆனாலும் எண் இடிக்கும். கையின் பிழையைத் தேட எல்லாரும் சொல்லித் தருகிறார்கள். முறையின் பிழையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. முதுநிலை மாணவர்கள் ஆய்வேட்டு எண்களோடு வந்து நிற்கும்போது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

ஒவ்வொரு முறைக்கும் ஒரு சொந்த ஊர் உண்டு. வாக்லி, பிளாக் இருவரும் 1934-இல் வெளியிட்ட கரிம அளவீடு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட்டில் பிறந்தது. மணல், களி விகிதத்தை அளக்கும் பூயூகோஸின் ஹைட்ரோமீட்டர் முறை மிச்சிகனில். மணிச்சத்துக்கான, அதாவது பாஸ்பரஸுக்கான, பிரே முறை (1945) இல்லினாயில், ஓல்சன் முறை (1954) கொலராடோவில். அந்தந்த ஊர் மண்ணுக்கு அவை கச்சிதமாகப் பொருந்தின. நம் கரிசலும் செம்புறையும் (லேட்டரைட்) கழிமுகச் சேறும் அந்த ஊர்களில் இல்லை. ஆகவே எண் இடித்தால் கேட்க வேண்டிய கேள்வி 'எந்தப் படியில் தவறினேன்' என்பதோடு முடியவில்லை. 'இந்த முறை எந்த மண்ணை மனத்தில் வைத்து எழுதப்பட்டது' என்பதும் கேள்விதான்.

கீழே உள்ளவற்றுக்குள் போகுமுன் ஒரு வேலை. இடிக்கும் மாதிரியை, எண் தெரிந்த உங்கள் கூடத்துக் காப்பு மாதிரியோடும், மண் போடாமல் செய்யும் வெற்றுச் சோதனையோடும் ஒரே நாளில், ஒரே கரைசலில், இரண்டிரண்டு முறை திரும்பச் செய்யுங்கள். காப்பு மாதிரியும் சேர்ந்து தவறினால் கோளாறு கையிலோ கரைசலிலோ இருக்கிறது. காப்பு சரியாக வந்து இது மட்டும் இடித்தால் மேலே படியுங்கள். காப்பு மாதிரியே இல்லாத கூடம் என்றால் இன்றைக்கே பத்துக் கிலோ மண்ணை உலர்த்திச் சலித்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். இதைவிட மலிவான கருவி மண் ஆய்வில் கிடையாது.

கையில் பிசைந்தால் களி, அறிக்கையில் மணல்

மாதிரியை நனைத்து விரல்களுக்கு நடுவே தேய்க்கிறீர்கள். முதலில் ரவை போல நறநறக்கிறது. விடாமல் இரண்டு மூன்று நிமிடம் பிசைந்தால் ரவை மெல்ல மாவாகிறது, விரலில் ஒட்டுகிறது, அழுத்தினால் நாடாவாக நீள்கிறது. ஆனால் ஹைட்ரோமீட்டர் கணக்கு 'களி 22 சதவீதம், மீதியில் பெரும்பகுதி மணல்' என்கிறது.

விரலை நம்புங்கள். நன்றாகச் சிதைந்து முதிர்ந்த செம்மண்ணில் கயோலினைட் களித்துகள்களை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஒட்டி ஒட்டி மணல் பருமனுள்ள உருண்டைகளாக்கி வைத்திருக்கும். பிரேசிலின் செராடோ மேட்டுநிலத்து மண்ணை அந்நாட்டு ஆய்வாளர்கள் 'காபித் தூள்' அமைப்பு என்றே அழைக்கிறார்கள். ஹவாயிலும் கேரளத்துச் செம்புறை நிலங்களிலும் இதே கதையைச் சந்திக்கலாம். துகள்களைப் பிரிக்க வழக்கமாகச் சேர்க்கும் அளவு ஹெக்சாமெட்டாபாஸ்பேட்டும் ஐந்து நிமிடக் கலக்கலும் இந்த உருண்டைகளை உடைக்கப் போதாது. உடையாத உருண்டை மணலோடு மணலாக அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது.

உறுதி செய்ய எளிய வழி உண்டு. 15 பார் அழுத்தத்தில் மண் பிடித்து வைக்கும் ஈரத்தின் சதவீதத்திலிருந்து அங்ககக் கரிமச் சதவீதத்தைக் கழித்து, மிச்சத்தை 2.5-ஆல் பெருக்குங்கள். ஈரம் 18, கரிமம் 1.2 என்றால் விடை 42. தண்ணீரைப் பிடித்து வைப்பது களியின் பரப்பு. உருண்டையாகக் கட்டிக்கொண்டாலும் அந்தப் பரப்பு எங்கும் போய்விடாது. ஹைட்ரோமீட்டர் 22 என்றும் இந்தக் கணக்கு 42 என்றும் சொன்னால் களி முழுதாகப் பிரியவில்லை என்று பொருள்.

பிரிக்க என்ன செய்வது? முதலில் இரவு முழுவதும் குலுக்கியில் விடுங்கள். பிறகு சிறிது சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துப் பாருங்கள். பின்னர் மீயொலி. எண் ஏறி ஏறி ஓரிடத்தில் நிற்கும். அங்கே நிறுத்துங்கள். டைதயோனைட் சிட்ரேட் கொண்டு இரும்பையே கரைத்து எடுத்துவிட்டு அளக்கும் பழக்கமும் உண்டு. எனக்கு அதில் அவ்வளவு ஒப்புதல் இல்லை. இரும்பு அந்த மண்ணின் பாதி குணம். அதை எடுத்துவிட்டு அளப்பது வேறொரு மண்ணை. செய்தே ஆக வேண்டுமென்றால் செய்ததைத் தெளிவாக எழுதிவிடுங்கள். சாதாரணக் கலக்கலில் வந்த எண்ணையும் தூக்கி எறிய வேண்டாம். வயலில் அந்த மண் தண்ணீரை மணலைப் போலத்தான் இறக்கிவிடுகிறது. பாசனம் பற்றி எழுதுபவருக்கு அந்த எண்ணும் தேவை.

இதே அறிகுறிக்கு இன்னொரு காரணம், அறையின் சூடு. ஹைட்ரோமீட்டர் 20 டிகிரி செல்சியஸுக்கு அளவிடப்பட்டது. சித்திரை மாதப் பிற்பகலில் நம் கூடத்துத் தண்ணீர் 32 டிகிரியில் இருக்கும். நீர் இளகியிருப்பதால் துகள் வேகமாக இறங்கும், கருவியும் ஆழமாக மூழ்கும். இரண்டும் களியைக் குறைத்தே காட்டும். 20-க்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.36 கூட்ட வேண்டும். 50 கிராம் மண்ணில் இரண்டு மணி நேர அளவீடு 8 என்று வைத்துக்கொள்ளுங்கள். திருத்தாவிட்டால் களி 16 சதவீதம். 12 டிகிரிக்கு 4.3 கூட்டினால் 12.3, அதாவது 24.6 சதவீதம். ஒரு வெயில் நாள் மண்ணின் வகையையே மாற்றிவிடுகிறது. மண் போடாமல் கரைசல் மட்டும் நிரப்பிய உருளை ஒன்றைப் பக்கத்திலேயே வைத்து அதன் அளவீட்டைக் கழிப்பவர்கள் இந்தத் திருத்தத்தை மறுபடி கூட்டக் கூடாது. பிப்பெட் முறைக்காரர்கள் காலத்தை மாற்ற வேண்டும்: பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் களியை உறிஞ்ச 20 டிகிரியில் எட்டு மணி நேரம் காத்திருப்போம். 30 டிகிரியில் ஏறக்குறைய 6 மணி 20 நிமிடம் போதும்.

கரிமம் நம்ப முடியாத அளவில் இருக்கிறது

இதில் நான்கைந்து தனித்தனி நோய்கள் ஒரே காய்ச்சலாகத் தெரிகின்றன. பிரித்துப் பார்ப்போம்.

வாக்லி-பிளாக் முறையில் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் மண்ணின் கரிமத்தை ஆக்சிகரணம் செய்கின்றன. மிஞ்சிய டைகுரோமேட்டைப் பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட்டால் தரம் பார்க்கிறோம். அமிலம் ஊற்றி அரை மணி நேரம் கழித்துக் குடுவையைப் பார்க்கிறீர்கள். ஆரஞ்சு நிறம் போய், தரம் பார்க்கும் முன்பே கரைசல் பச்சையாக நிற்கிறது. டைகுரோமேட் தீர்ந்துவிட்டது. 1 நார்மல் டைகுரோமேட் 10 மி.லி. முழுவதும் செலவானாலும் அது 30 மில்லிகிராம் கரிமத்துக்குத்தான் காணும். ஒரு கிராம் மண் எடுத்தால் 3 சதவீதம் என்பது கூரை. எட்டு மி.லி.க்கு மேல் செலவானாலே அந்த எண்ணை நம்ப வேண்டாம். நீலகிரி மேட்டுநிலத்துச் சோலை மண்ணையும் புல்வெளி மண்ணையும் சமவெளிப் பழக்கத்தில் ஒரு கிராம் எடுத்து, எல்லா மாதிரியும் ஏறத்தாழ ஒரே எண்ணில் வந்து முட்டி நின்றதை 'கரிமம் சீராக உள்ளது' என்று எழுதிய அறிக்கையை நான் பார்த்திருக்கிறேன். சீராக இருந்தது டைகுரோமேட். அரை கிராம் எடுங்கள், அல்லது அதிலும் பாதி. குறைவாக எடுப்பதால் மாதிரியை 0.2 மி.மீ. சல்லடைக்கு அரைத்துக் கொள்ளுங்கள். இரும்பு உரலில் மட்டும் அரைக்க வேண்டாம். உதிரும் இரும்புத் துகளும் டைகுரோமேட்டைத் தின்னும்.

அடுத்தது, உப்பு. வேதாரண்யம் பக்கத்துக் கடலோர மண்ணில் செடியே சரியாக இல்லை, கரிமம் மட்டும் 1.5 சதவீதம் என்று வந்தால் குளோரைடைச் சந்தேகியுங்கள். நான்கு குளோரைடு அயனிகள் ஒரு கரிம அணு செலவழிக்கும் டைகுரோமேட்டைச் செலவழிக்கும். கந்தக அமிலத்தில் 1.25 சதவீதம் சில்வர் சல்பேட் கரைத்துப் பயன்படுத்தினால் குளோரைடு வெள்ளைப் படிவாக ஒதுங்கிவிடும். வெள்ளி விலைக்குக் கட்டுப்படியாகாது என்றால் குளோரைடைத் தனியே அளந்து, அதன் சதவீதத்தைப் பன்னிரண்டால் வகுத்துக் கரிமத்திலிருந்து கழியுங்கள். நீர் கட்டிய நெல் வயலிலிருந்து ஈரத்தோடு கொண்டுவந்த சேற்றிலும் இதே மிகை வரும். அங்கே குற்றவாளி பெர்ரஸ் இரும்பு. ஓரிரு நாள் காற்றில் உலர்த்தினாலே அது அடங்கிவிடும். மாங்கனீசு உருண்டைகள் நிறைந்த செம்புறையில் பிழை எதிர்த்திசையில் போகும், கரிமம் குறைந்து தெரியும்.

வெற்றுச் சோதனை காலையில் 20 மி.லி., மாலையில் 21.3 என்று ஏறிக்கொண்டே போனால் மண்ணைக் குறை சொல்லாதீர்கள். பெர்ரஸ் அம்மோனியம் சல்பேட் காற்றில் வலுவிழக்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் வெற்று வேண்டும்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் ஒரே மாதிரியின் இரட்டை அளவீடுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை என்றால் உங்கள் கையைக் கவனியுங்கள். இந்த முறை வெளிச்சூடு எதையும் கேட்பதில்லை. கந்தக அமிலம் நீரோடு கலக்கும்போது பிறக்கும் சூடுதான் வேலை செய்கிறது. 20 மி.லி. அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் சூடு கலைந்துவிடும். முகக்கண்ணாடி அணிந்து, அளவூட்டியால் ஒரே வீச்சில் விட்டு, ஒரு நிமிடம் சுழற்றிவிட்டு, குடுவையைச் சில்லென்ற கருங்கல் மேடையில் வைக்காமல் தடித்த அட்டை மேல் வையுங்கள். தரம் பார்க்கும்போது நிறங்காட்டியான டைபீனைலமின் விட்டதும் கரைசல் கருநீலமாகும். சொட்டுகள் இறங்க இறங்கக் கலங்கிய நீலம். பிறகு ஒரே ஒரு சொட்டில், திரை விலகியது போல, பளிச்சென்று பச்சை. அந்தச் சொட்டைத் தாண்டிவிட்டோமா என்ற ஐயம் வந்தால் அரை மி.லி. டைகுரோமேட்டைச் சேர்த்துத் திரும்பி வரலாம். சேர்த்ததைக் கணக்கில் எழுத மறந்தவர்கள் பட்டியல் நீளம், அதில் நானும் இருக்கிறேன்.

கரிசல் மண் கன்னங்கரேலென்று இருக்கிறதே, கரிமம் ஏன் அரை சதவீதம் என்று கேட்டு வருபவர்களுக்கு: எண் சரிதான். கோவில்பட்டிக் கரிசலாகட்டும், தக்காணத்துக் கரிசலாகட்டும், ஒரு சதவீதத்துக்குக் கீழே இருப்பதே வழக்கம். சிறிதளவு மக்கு (மக்கிய அங்ககப் பொருள்), ஸ்மெக்டைட் களியின் மேல் மெல்லிய பூச்சாகப் பரவி அத்தனையையும் கறுப்பாக்கிவிடுகிறது. நிறத்தை வைத்துக் கரிமத்தைச் சொல்லும் பழக்கம் குளிர்நாட்டுப் பாடம்.

வாக்லி-பிளாக் எண்ணும் உலர் எரிப்புக் கருவியின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்பது அடிக்கடி வரும் புகார். 77 சதவீதக் கரிமம் பிடிபடுகிறது என்று வைத்து 1.3-ஆல் பெருக்குகிறோம் அல்லவா, அந்த 77 எல்லா மண்ணுக்கும் பொருந்தாது. காட்டுத்தீ கண்ட நிலத்தின் கரித்துண்டுகளில் பெரும்பகுதியை டைகுரோமேட் தொடாது, எரிப்புக் கருவி விடாது. கருவி சுண்ணாம்பையும் கரிமமாக எண்ணும். ஆகவே கரிசல் மாதிரியைக் கருவிக்குள் அனுப்புமுன் அமிலம் விட்டு நுரை அடங்கும்வரை சுண்ணாம்பைப் போக்குங்கள். உங்கள் நிலத்து மாதிரிகள் இருபதையாவது இரண்டு முறையிலும் அளந்து, உங்களுக்கென ஒரு பெருக்கெண்ணை வைத்துக்கொள்வதே நேர்மையான வழி.

பி.எச். தலைகீழாக இருக்கிறது, அல்லது பைக்குள் இருந்தபடியே இறங்குகிறது

பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அளந்த பி.எச். தண்ணீரில் அளந்ததைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது பாடம். பொட்டாசியம், களியின் எதிர்மின் பரப்பிலிருந்து அலுமினியத்தையும் ஹைட்ரஜனையும் தள்ளிவிடும். அடிமண்ணில் மட்டும் இது தலைகீழாக வந்தால் மின்முனையைக் கழற்றிக் கழுவும் முன் ஒரு கணம் நில்லுங்கள். இரும்பு, அலுமினியக் கனிமங்களான கோதைட்டும் கிப்சைட்டும் நிறைந்து, மக்கு குறைந்த ஆழத்தில் மண்ணின் நிகர மின்னூட்டமே நேர்மின்னாக இருக்கலாம். அப்போது குளோரைடு ஹைட்ராக்சிலைத் தள்ளுகிறது, பி.எச். ஏறுகிறது. மேல்மண்ணிலிருந்து கீழே போகப் போக இரண்டுக்கும் உள்ள இடைவெளி படிப்படியாகச் சுருங்கித் திரும்பினால் அது மண்ணின் குணம். தாறுமாறாகக் குதித்தால் மின்முனையின் கோளாறு. அந்த அடிமண் நைட்ரேட்டைக்கூடப் பிடித்து வைக்கும் என்பதால் கண்டுபிடிப்பைக் கொண்டாடலாம்.

இரண்டாவது அறிகுறி வேறு ரகம். வயலில் 6.5 காட்டிய சேறு, இரண்டு வாரம் பையில் கிடந்து கூடத்தில் 3.4 காட்டுகிறது. குட்டநாட்டின் கரி நிலங்களிலிருந்தும் மீகாங் கழிமுகத்திலிருந்தும் மாதிரி கொண்டுவருபவர்கள் இதை அறிவார்கள். மண்ணில் உறங்கிக்கொண்டிருந்த பைரைட் என்ற இரும்புச் சல்பைடு காற்றைக் கண்டதும் கந்தக அமிலமாகிறது. ஒரு மூலக்கூறு பைரைட் முழுதாக ஆக்சிகரணமானால் நான்கு ஹைட்ரஜன் அயனிகள். பையில் வெளிர் மஞ்சள் புள்ளிகள் தெரிந்தால் அது ஜாரோசைட், சாட்சி கையிலேயே இருக்கிறது. இல்லையென்றால் ஒரு சிட்டிகை மண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்கள். சூடாகி நுரைத்துப் பி.எச். 2.5-க்குக் கீழே போனால் முடிவு தெரிந்துவிட்டது. சில கூடங்கள் இப்படி வந்த இரண்டு எண்களையும் கூட்டிச் சராசரி போடுகின்றன. 6.5 நீருக்கு அடியில் இருக்கும் நிலத்தின் எண். 3.4 வடிகால் வெட்டினால் உருவாகப் போகும் நிலத்தின் எண். சராசரிக்கு நிலமே கிடையாது. வயலிலேயே அளந்துவிட்டு, பையில் காற்றில்லாமல் பிதுக்கிக் கட்டி, பனிக்கட்டியில் கொண்டுவந்து உறையவையுங்கள். உறைபெட்டி இல்லையென்றால் மெல்லிய அடுக்காகப் பரப்பி 80 முதல் 85 டிகிரியில் விரைவாக உலர்த்துங்கள். மெதுவாக நிழலில் உலர்த்துவதுதான் இங்கே பாவம்.

கோடையில் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று அரைப் புள்ளி ஆடினால் அது மேலே ஏறி இறங்கும் உப்பு. 0.01 மோலார் கால்சியம் குளோரைடில் அளந்தால் ஆட்டம் அடங்கும்.

காரங்களின் கூட்டுத்தொகை பரிமாற்றுத் திறனைத் தாண்டுகிறது

கால்சியம், மெக்னீசியம், சோடியம், பொட்டாசியம் என்ற நான்கு காரங்களையும் கூட்டினால் 70. இவற்றைப் பிடித்து வைக்க மண்ணுக்குள்ள கொள்ளளவு, அதாவது நேர்மின் அயனி பரிமாற்றுத் திறன், 48 மட்டுமே. 146 சதவீதக் காரச் செறிவு. பாத்திரத்தைவிடப் பால் அதிகம் என்பது போல. கரிசலிலோ சுக்கான் கல் கலந்த செவலிலோ இது வரும். பி.எச். 7 அம்மோனியம் அசிட்டேட் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து பரிமாற்றக் கால்சியத்தோடு சேர்த்துவிடுகிறது. சோடியமும் பொட்டாசியமும் சரி, கால்சியம் மட்டும் பொய். ஆல்கஹால் கலந்து பி.எச். 8.5-க்கு உயர்த்திய அம்மோனியம் குளோரைடில் இழுத்தால் சுண்ணாம்பு பெரும்பாலும் அசையாது. திறனை அளக்கப் பி.எச். 8.2 சோடியம் அசிட்டேட் இருக்கிறது.

அமிலச் செம்மண்ணில் எதிர்ப்பக்கத் தவறு, அது கண்ணில் படாமலே போய்விடுகிறது என்பதால் எனக்கு இதில்தான் கவலை அதிகம். வயலில் பி.எச். 4.8 உள்ள மண்ணைக் கூடத்தில் 7-க்கு உயர்த்தி அளக்கிறோம். ஆக்சைடுகளிலும் மக்கிலும் உள்ள மின்னூட்டம் பி.எச். ஏற ஏறக் கூடும். ஆக, நாம் அளக்கும் திறனில் ஒரு பங்கைச் சோதனைக்கூடத்துப் புட்டிதான் உண்டாக்கியது. 12 என்று எழுதிய மண் வயலில் 4-தான் வைத்திருக்கும். உரம் ஏன் மழையோடு கழுவிப் போகிறது என்று பிறகு வியப்போம். தாங்கல் இல்லாத பேரியம் குளோரைடில் அளங்கள். அது முடியாவிட்டால் பரிமாற்றக் காரங்களோடு 1 நார்மல் பொட்டாசியம் குளோரைடில் வந்த அலுமினியத்தைக் கூட்டுங்கள்.

மணிச்சத்து பூஜ்யம், அல்லது வெற்றே நீலம்

பிரே முறையில் கரிசல் மண் ஏறக்குறைய பூஜ்யம் காட்டினால் ஒரு சிறு கணக்கு. பிரே கரைசலில் புளோரைடோடு இருக்கும் 0.025 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி. என்பது 1.25 மில்லி சமானம். அதை முற்றிலும் ஒழிக்க 62.5 மில்லிகிராம் சுண்ணாம்பு போதும். ஐந்து கிராம் மண்ணில் அது 1.25 சதவீதம். கரிசலில் அதைப்போல நாலைந்து மடங்கு சுண்ணாம்பு சாதாரணமாகக் கிடக்கும். அமிலம் மண்ணைத் தொட்ட நொடியிலேயே செத்துவிடுகிறது, புளோரைடும் கால்சியத்தோடு படிந்துவிடுகிறது. இங்கே பைகார்பனேட்டால் இழுக்கும் ஓல்சன்தான். பி.எச். 6-க்குக் கீழே இருக்கும் மண்ணுக்குப் பிரே.

ஓல்சன் வடிநீர் தேநீர் நிறத்தில் வந்தால் மக்கு கரைந்திருக்கிறது, கிளர்வூட்டிய கரி சேருங்கள். சேர்த்த பிறகு வெற்றுச் சோதனையே நீலமானால் அந்தக் கரியில் மணிச்சத்து இருக்கிறது. கரியைப் பைகார்பனேட்டால் கழுவிக் கழுவி வெற்று வெளுக்கும்வரை விடாதீர்கள். மே மாத எண்கள் டிசம்பர் எண்களைவிட உயர்ந்தே வந்தால், சூட்டில் பைகார்பனேட் கூடுதலாக இழுக்கிறது. குலுக்கும் அறையை 25 டிகிரியில் வைக்க வேண்டும். திறந்து வைத்த பைகார்பனேட் கரியமில வாயுவை இழந்து 8.5-ஐத் தாண்டிப் போயிருக்கும், அதையும் அன்றன்று பாருங்கள்.

உரமிட்ட வயலிலும் எண் ஏறவே இல்லை என்பது முறையின் பிழை இல்லை. இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பாஸ்பேட்டை விழுங்கிவிட்டன. எவ்வளவு விழுங்கும் என்று பார்க்க ஃபாக்ஸ், கம்ப்ராத் இருவரும் 1970-இல் தந்த வழி இன்னும் நல்ல வழிதான்: மூன்று கிராம் மண், 30 மி.லி. 0.01 மோலார் கால்சியம் குளோரைடு, பல அளவுகளில் பாஸ்பேட், நுண்ணுயிர் தலையிடாமல் இரண்டு சொட்டு டொலுவீன், ஒவ்வொரு நாளும் இரண்டு முறை அரை மணி குலுக்கி ஆறு நாள். கரைசலில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிஞ்ச எவ்வளவு சேர்க்க வேண்டியிருந்தது என்பதே விடை.

கரிசலின் பரும அடர்த்தி ஆளுக்கு ஆள் மாறுகிறது

எல்லாரும் சரி. ஈரத்தில் கன சென்டிமீட்டருக்கு 1.3 கிராம் இருந்த கட்டி உலர்ந்து சுருங்கியதும் 1.8-ஐ நெருங்கும். எந்த ஈரத்தில் எடுத்தது என்று எழுதாத பரும அடர்த்திக்குக் கரிசலில் அர்த்தமில்லை. வெடிப்புகளுக்கு நடுவே குழாயை அடித்தால் கட்டியை மட்டும் அளந்து வெடிப்பை விட்டுவிடுவீர்கள். மழைக்குப் பின் வெடிப்பு மூடிய நிலையில் எடுங்கள்.

ஒரு தொகுதியில் மட்டும் துத்தநாகம் எகிறுகிறது

எங்கள் கூடத்தில் ஒரு மே மாதம், பக்கத்து வயல்களெல்லாம் கிலோவுக்கு 0.7 மில்லிகிராம் காட்டியபோது பதினைந்து மாதிரிகள் 4, 5, 6 என்று வந்தன. துத்தநாகத்தை இழுக்கும் டி.டி.பி.ஏ. கரைசலைப் புதிதாகச் செய்தோம், பி.எச். 7.3 என்று பார்த்தோம், வடிதாளை மாற்றினோம். பித்தளைச் சல்லடையைத் தூக்கி வைத்துவிட்டு நைலான் சல்லடை வாங்கினோம். ரப்பர் மூடிகளையும் மாற்றினோம், ரப்பரைப் பதப்படுத்தத் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பார்கள். எண் அசையவில்லை. கடைசியில் அந்தப் பதினைந்தையும் சலித்தவர் யார் என்று குறிப்பேட்டில் பார்த்தோம். புழுக்கத்துக்குக் கழுத்திலும் கையிலும் வேர்க்குரு பவுடர் பூசிக்கொண்டு சலித்திருந்தார். பல வேர்க்குரு பவுடர்களில் துத்தநாக ஆக்சைடு உண்டு. அன்றிலிருந்து குறிப்பேட்டில் 'சலித்தவர்' என்று ஒரு பத்தி சேர்ந்தது.

பதினைந்தில் ஒன்று மட்டும் எகிறினால், அதிலும் களியும் கால்சியமும் சேர்ந்து எகிறினால், எடுத்த இடத்துக்குத் திரும்பிப் போங்கள். உழுது சமமாக்கிய பழைய கரையான் புற்றில் குழாய் இறங்கியிருக்கலாம்.

நுண்ணுயிர் மூச்சு முதல் மூன்று நாள் பொங்கி அடங்குகிறது

உலர்ந்த மண்ணை நனைத்து அடைகாக்கிறீர்கள். கரியமில வாயு முதல் இரண்டு மூன்று நாளில் சீறி எழுந்து பிறகு படுத்துவிடுகிறது. இதைக் கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் விரிவாக ஆராய்ந்து 1958-இல் எழுதியவர் பர்ச். அவர் பெயராலேயே இது வழங்குகிறது. வறட்சியில் செத்த நுண்ணுயிர்களின் உடலும், உடைந்த கட்டிகளுக்குள்ளிருந்து வெளிப்பட்ட மக்கும், பிழைத்தவற்றுக்கு விருந்தாகின்றன. உங்கள் ஆய்வு முதல் மழையைப் பற்றியது என்றால் இந்தப் பொங்கல்தான் தரவு, அதை விட்டுவிடாதீர்கள். எருவையும் உரத்தையும் ஒப்பிடும் ஆய்வு என்றால் நீர்ப்பிடிப்புத் திறனில் பாதியளவு ஈரத்தில் ஒரு வாரம் பத்து நாள் அமைதியாக வைத்துவிட்டு அளக்கத் தொடங்குங்கள். கரிசலில் இன்னொரு சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள்: வரும் வாயுவில் ஒரு பகுதி சுண்ணாம்பிலிருந்து வரலாம். உயிரில்லாமல் செய்த அதே மண்ணின் குடுவை ஒன்று பக்கத்தில் இருந்தால் தெரிந்துவிடும்.

நுண்ணுயிர்க் கரிமம் எதிர்க்குறியில் வருகிறதா? குளோரோபாம் புகையூட்டி அடைகாக்கும் பழைய முறை, பி.எச். 4.5-க்குக் கீழே உள்ள மண்ணில் உருப்படாது. புகையூட்டி நேரடியாக இழுக்கும் முறைக்கு மாறுங்கள். மாறிய பிறகு எண் அநியாயத்துக்கு ஏறினால் குளோரோபாம் புட்டியின் சீட்டைப் படியுங்கள். கெடாமலிருக்க எத்தனால் சேர்த்திருந்தால் அந்த எத்தனாலும் கரிமம்தான். வாங்கும்போதே எத்தனால் கலக்காததாக வாங்குவது நல்லது.

இந்த நேரடி முறையில் இழுத்து உறையவைத்த பொட்டாசியம் சல்பேட் வடிநீரை வெளியே எடுத்து உருக்கினால் சுண்ணாம்பு மண் மாதிரிகளில் மட்டும் அடியில் வெண்மையாக ஏதோ படிந்திருக்கும். பயந்து கொட்டிவிட வேண்டாம். அது கால்சியம் சல்பேட், ஜிப்சம். கரிம அளவை அது தொடாது. தெளிந்த பிறகு மேல்நீரைப் பிப்பெட்டில் எடுத்து வேலையைத் தொடருங்கள்.